ஊமைக்காயமும் தடவும் கையும்



நினைவுப் பொழிவுகளில் நாம் நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம், கல்வியைப் பற்றிப் பேசுகிறோம், வரலாற்றில் மறைக்கப்பட்ட இதழ்களையும் ஆளுமைகளையும் பற்றிப் பேசுகிறோம். உடம்பைப் பற்றிப் பேசுவது குறைவு. பேசினாலும் அது பெரும்பாலும் செத்த உடம்பு. கீழ்வெண்மணி என்றால் 44. தாமிரபரணி என்றால் 17. இந்த எண்கள் நமக்கு மனப்பாடம், இருக்கவும் வேண்டும். ஆனால் 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் மாஞ்சோலைத் தொழிலாளர்களோடு ஊர்வலம் போய், லத்தியடி பட்டு, ஆற்றில் விழாமல் தப்பி வீடு வந்து சேர்ந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? 1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்தபோது அடிபட்டவர்கள் அடுத்த மாதம் எப்படி இருந்தார்கள்? அதற்கு நம்மிடம் எண் இல்லை. செத்தவரை எண்ணுகிறோம், கட்டுப் போட்டவரைப் படம் பிடிக்கிறோம். கட்டும் இல்லாமல், தையலும் இல்லாமல், "தலை கிறுகிறுன்னு வருது, கழுத்தைத் திருப்ப முடியல" என்று திண்ணையில் உட்கார்ந்தவரை என்ன செய்வதென்று நமக்கே தெரியவில்லை.

அந்த மனிதரின் வரலாற்றைப் பற்றியும், அவர் பிடரியில் எண்ணெய் வைத்துத் தடவிய கையின் வரலாற்றைப் பற்றியும் பேசலாம் என்று நினைக்கிறோம்.

தமிழில் இதற்கு ஒரு அருமையான சொல் உண்டு: ஊமைக்காயம். வெளியே ஒன்றும் இல்லை, உள்ளே நோவு. காயம் பேசாது, அதனால் காயம்பட்டவர் பேசியாக வேண்டும். அவர் பேச்சை யார் நம்புகிறார்கள் என்பதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

தலையில் அடி விழும்போது மண்டை உடைய வேண்டும் என்பதில்லை. மண்டையோட்டுக்குள் மூளை குலுங்கினாலே போதும். நினைவு தப்பினால்தான் மூளையதிர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு நினைவு தப்புவதே இல்லை. ஒரு கணம் பொறி கலங்கும், பிறகு தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, மறதி, தூக்கக் கேடு, காரணமில்லாத கோபம். ஸ்கேன் எடுத்தால் 'நார்மல்' என்று வரும். அந்த ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் தேடுவதற்கானது; நரம்புச் செல்களின் தடுமாற்றம் அதில் தெரியாது. பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஒரு பகுதியினருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது.

நீடிப்பதற்கு ஒரு காரணம் கழுத்து. தலையைக் குலுக்கிய அடி கழுத்தைக் குலுக்காமல் விடாது. மேல் கழுத்திலிருந்து புறப்படும் முதல் மூன்று நரம்புகளும், முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் நரம்பும் மூளைத்தண்டுப் பகுதியில் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. அதனால் பிடரியில் உள்ள இறுக்கத்தைக் கண்ணுக்குப் பின்னால் குத்தும் தலைவலியாக உணர்கிறோம். தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்வதில் கழுத்துத் தசைகளுக்கும் பங்குண்டு. அந்தச் சேதி குழம்பினால் நிற்கும்போதே தரை நழுவுவதுபோல் இருக்கும். கனடாவின் கால்கரியில் கேத்ரின் ஷ்னைடரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அறிகுறிகள் நீடித்த 31 இளையோரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஓய்வும் எளிய பயிற்சியும். மற்றதற்கு அவற்றோடு கழுத்துக்குக் கையால் செய்யும் சிகிச்சையும், சமநிலைப் பயிற்சியும். எட்டு வாரத்தில் விளையாட்டுக்குத் திரும்பலாம் என்று மருத்துவர் அனுமதித்தவர்கள் முதல் குழுவில் 7 விழுக்காடு, இரண்டாவதில் 73 விழுக்காடு. சிறிய ஆய்வுதான். வெறும் தடவுதலைச் சோதித்த ஆய்வும் அல்ல. எண்ணெயும் கையும் மூளையைக் குணமாக்கும் என்று யாரும் சொல்ல வேண்டாம். பிடரியைத் தளர்த்தும், தூங்க வைக்கும். தளர்ந்த பிடரி தலைவலியின் ஒரு பங்கைக் குறைக்கும். அவ்வளவுதான். ஆனால் நம் பாட்டி அந்த அவ்வளவைத்தான் செய்தாள்.

இப்போது நம்பிக்கையின்மையின் வரலாற்றுக்கு வருவோம். அது ரயிலோடு தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரயில் விபத்துகளில் குலுங்கிப் போனவர்கள், எலும்பு முறியாதவர்கள், வாரங்கள் கழித்துத் தலைவலி, மறதி, கழுத்து முதுகு வலி என்று வந்தார்கள். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் இதைப் பற்றிய தம் விரிவுரைகளை நூலாக்கினார். குலுக்கல் தண்டுவடத்தைத் தாக்கியிருக்கிறது என்பது அவர் வாதம். அவர் சொன்ன உடற்கூற்று விளக்கம் முழுவதும் நிற்கவில்லை. ஆனால் நோயாளியை அவர் நம்பினார். 1883இல் ஹெர்பர்ட் பேஜ் மறுத்து எழுதினார்: பயம்தான் காரணம், தண்டுவடத்தில் ஒன்றுமில்லை என்று. மனத்தின் பங்கை அவர் எடுத்துச் சொன்னதில் உண்மையும் இருந்தது. அவர் லண்டன் வடமேற்கு ரயில் கம்பெனியின் அறுவை மருத்துவர் என்பதும் உண்மை. நட்டஈடு கேட்டு நீதிமன்றம் போனவர்களுக்கு எதிராகக் கம்பெனிகளின் கையில் அந்த வாதம் நல்ல ஆயுதமாக அமைந்தது.

இந்தக் கதை 1961இல் இன்னும் அப்பட்டமாகிறது. நியூகாசிலைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஹென்றி மில்லர் 'விபத்து நரம்புத்தளர்ச்சி' பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். காயம் சிறியதாக இருக்கும்போதே புலம்பல் பெரிதாகிறது, நட்டஈடு கைக்கு வந்தால் அநேகமாக எல்லோரும் குணமாகிவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். இது கீழ்ப்படிநிலைத் தொழிலாளர்களிடம் அதிகம் என்றும் சொன்னார். அடுத்த ஆண்டே சார்லஸ் சைமண்ட்ஸ் என்ற மூத்த நரம்பியலாளர், மூளையதிர்ச்சியின் விளைவு எப்போதாவது முழுமையாக மறைகிறதா என்பதே ஐயம் என்று எழுதினார். பின்னால் வந்த பல ஆய்வுகளில் வழக்கு முடிந்து பணம் வாங்கிய பிறகும் நோவு தொடர்ந்தது தெரிந்தது. என்றாலும் மருத்துவமனை வராந்தாவிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் நிலைத்தது மில்லரின் குரல்தான். ஏழையின் தலைவலிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கும் என்கிற பொதுப்புத்திக்கு அது அறிவியல் சட்டை மாட்டிவிட்டது.

அமெரிக்காவில் இது நிறத்தோடு சேர்ந்து வெளிப்பட்டது. குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் நினைவுச் சிதைவையும் நியூஜெர்சியின் ஹாரிசன் மார்ட்லாண்ட் 1928லேயே மருத்துவ இதழில் பதிவு செய்துவிட்டார். அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் 2002இல் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்து, அதே வகைச் சிதைவு அங்கும் உண்டு என்று 2005இல் வெளியிட்டவர் பென்னட் ஒமாலு, நைஜீரியாவில் பிறந்த கறுப்பின மருத்துவர். லீக் அவரது ஆய்வை மறுத்துப் பார்த்தது. கடைசியில் முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு தரும் ஒப்பந்தத்துக்கு வந்தது. நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததை.

ஒருவரின் அறிவுத்திறன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க, அவர் எங்கிருந்து தொடங்கினார் என்று தெரிய வேண்டும். அடிபடுவதற்கு முந்தைய அளவு யாரிடமும் இல்லை. ஆகவே ஒரு சராசரியை வைத்துக்கொண்டார்கள். வெள்ளையருக்கு ஒரு சராசரி, கறுப்பருக்கு அதைவிடக் குறைந்த ஒரு சராசரி. விளைவு? ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் வெள்ளையர் "இழந்தவர்" ஆனார், கறுப்பர் "இயல்பாகவே இப்படித்தான்" ஆனார். லீக்கின் வீரர்களில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள். 2020இல் கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இரு முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021 ஜூனில் லீக் இந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. 2021! பிறப்பிலேயே குறைவு என்று முதலில் எழுதிவைத்துவிட்டால், பிறகு எதைப் பறித்தாலும் இழப்பே இல்லை என்று கணக்குக் காட்டிவிடலாம். இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? படிக்கும்போது யாரோ சேரியைப் பற்றி எழுதியதுபோல இருக்கிறது.

காயத்தை நம்பாததுபோலவே, அதைத் தணித்த கையையும் மதிக்கவில்லை. இங்கிலாந்திலிருந்தே இதற்கும் தொடக்கம் எடுக்கலாம். 1894இல் லண்டனில் மசாஜ் நிலையங்கள் பாலியல் தொழில் விடுதிகளாக இயங்குகின்றன என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதியது. செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் இருந்த நான்கு பெண்கள் அதே ஆண்டு பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களின் சங்கத்தைத் தொடங்கினார்கள். விதிகள் கடுமை: மருத்துவர் சொல்லாமல் யாரையும் தொடக்கூடாது, ஆண்களைப் பொதுவாகத் தொடக்கூடாது. முதல் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களால் அந்தக் கைகளுக்குத் தேவை பெருகியது. 1920இல் அரச சாசனம் கிடைத்தது. 1940களில் சங்கம் தன் பெயரிலிருந்து 'மசாஜ்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'பிசியோதெரபி' ஆனது. தொடும் கை மரியாதை பெற வேண்டுமானால் தொடுதல் என்ற பெயரை விட வேண்டியிருந்தது. ஆனாலும் அங்கே அந்தப் பெண்கள் ஒரு தொழிலாக மேலேறினார்கள். இங்கே?

இங்கே தொடுதலே சாதியின் அச்சு. மனுநூலின் நான்காம் அத்தியாயம் வைத்தியன் தரும் சோற்றை உண்ணத்தகாதவற்றில் சேர்க்கிறது. அதைச் சீழோடு ஒப்பிடுகிறது. உடம்பைத் தொட்டு, இரத்தத்தையும் சீழையும் கண்டு, சாதி பாராமல் பழக வேண்டிய தொழில் என்பதால்தான் வைத்தியம் இழிவாக்கப்பட்டது என்று தேவிபிரசாத் சட்டோபாத்யாயா விரிவாக வாதிட்டிருக்கிறார். தமிழ் நிலத்தில் அந்தத் தொழில் நாவிதர் குடும்பங்களிடம் இருந்தது. கட்டி அறுப்பது, எலும்பு கட்டுவது, சுளுக்கு வழிப்பது, பிடரி பிடித்துவிடுவது ஆண்கள். பிள்ளைப்பேறு பார்ப்பது பெண்கள். 1909இல் தர்ஸ்டன் தொகுத்த தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. மருத்துவர், பண்டிதர் என்பன அவர்கள் பெயர்கள். பண்ணையாரின் கழுத்தைப் பிடித்துவிடும் கை, பண்ணையார் வீட்டுச் செம்பைத் தொடக்கூடாது. நோவு இருக்கும்வரை தீட்டில்லை, நோவு தீர்ந்ததும் தீட்டு.

அந்தக் கையும் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலித்துகளுக்கு முடிவெட்ட மறுப்பது இன்றும் தீண்டாமைக் கணக்கெடுப்புகளில் வருகிறது. முடிவெட்ட மறுத்தவர் சுளுக்கு மட்டும் வழித்துவிடுவாரா? சேரிக்குத் துணி வெளுத்து, முடி மழித்து, பிரசவம் பார்த்த கைகள் புதிரை வண்ணாருடையவை. அவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதை இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் எழுதியபோது நம்மில் பலருக்குக் கசந்தது. நம் பிள்ளைகளை முதலில் தொட்ட கையை நாமே தள்ளிவைத்திருக்கிறோம். கறுப்பு வீரருக்கான கணக்கைப் பார்த்துக் கோபப்பட்ட அதே மூச்சில் இதையும் சொல்லாமல் போகமுடியாது.

அறிவு என்ற அளவில் இந்தக் கைகளிடம் இருந்தது கொஞ்சமல்ல. சித்த மருத்துவம் புறமருத்துவ முறைகளில் ஒன்றாகத் தொக்கணத்தைச் சொல்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. வெறும் "தேய்த்துவிடு" என்பதல்ல. குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் உடம்பில் 108 இடங்களைச் சொல்வார்கள்: 12 படுவர்மம், 96 தொடுவர்மம். அவற்றில் பல தலையிலும் பிடரியிலும் இருப்பவை. அடிமுறையும் அதற்கான மருத்துவமும் ஒரே ஆசானிடம் இருந்தன. அடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவருக்கே அடிபட்டவரை எழுப்பத் தெரிந்திருந்தது. எழுப்பியபின் எண்ணெய், தடவல், கஷாயம், பத்தியம், ஓய்வு. நூலும் ஓலையும் இருந்தன, ஆனால் கை வித்தை சீடனுக்குத்தான் போனது. அந்த இரகசியத்தைப் போற்றிப் பேசுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. எழுதிச் சோதிக்கப்படாத அறிவில் சரக்கும் இருக்கும், பதரும் இருக்கும். எது எது என்று பிரிக்க வழியில்லாமல் போகும்.

பௌத்த மரபில் இதற்கு வேறொரு முகம் இருந்தது. ஜீவகனின் கதை விநயபிடகத்தில் வருகிறது. இராசகிருகத்தில் கணிகை ஒருத்திக்குப் பிறந்து குப்பைமேட்டில் எறியப்பட்ட குழந்தை. உயிரோடு இருக்கிறது என்றதால் ஜீவகன் என்று பெயர். தட்சசீலம் போய் வைத்தியம் கற்றுப் புத்தருக்கும் சங்கத்துக்கும் வைத்தியனானான். தலைநோயால் துடித்த ஒரு பெருவணிகனின் மண்டையைத் திறந்து அவன் சிகிச்சை செய்தான். முன்கூட்டியே ஒரு நிபந்தனை போட்டான்: ஒரு பக்கமாக ஏழு மாதம், மறுபக்கமாக ஏழு மாதம், மல்லாந்து ஏழு மாதம் படுக்க வேண்டும். வணிகன் ஒவ்வொரு பக்கமும் ஏழு நாளுக்குமேல் தாங்கவில்லை. 21 நாளில் குணமாகிவிட்டது. ஏழு மாதம் என்று சொல்லியிராவிட்டால் ஏழு நாள்கூடப் படுத்திருக்க மாட்டீர் என்கிறான் ஜீவகன். நோயாளியின் மனத்தை அறிந்த வைத்தியன். அந்த வணிகன் ஜீவகனுக்கு ஒரு லட்சமும் அரசனுக்கு ஒரு லட்சமும் கொடுத்தான் என்பதும் கதையில் இருக்கிறது. 21 நாள் படுக்க அவனால் முடிந்தது. நம் சித்தாளால் முடியுமா? அடிபட்ட மறுநாள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் கல்லோ சிமெண்டுச் சட்டியோ ஏற்றுகிறாள். எந்தப் பிடரிக்கு ஓய்வு வேண்டுமோ அந்தப் பிடரியில்தான் கூலி இருக்கிறது.

அயோத்திதாசரை நாம் பௌத்தராகவும் இதழாளராகவும் படிக்கிறோம். அவர் சித்த வைத்தியர் என்பதை அடிக்குறிப்பாக்கிவிடுகிறோம். பண்டிதர் என்ற சொல் அவருக்கும் உரியது, கிராமத்து நாவிதருக்கும் உரியது. அறிவுக்கும் கைக்கும் இடையில் கோடு விழாத காலத்தின் எச்சம் அந்தச் சொல்லில் இருக்கிறது என்று நாம் வாசிக்கிறோம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வரத் தொடங்கி, 1914இல் அவர் மறைந்தார். அதே 1914இல் சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. பதிவேட்டில் இடம் மேலைக் கல்வி பெற்றவர்களுக்கு. பிறகு 1921இல் உள்நாட்டு மருத்துவம் பற்றி உஸ்மான் குழு, 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி என்று சித்தம் ஏட்டில் ஏறியது. ஏட்டில் ஏறியது சித்தம். அதைக் கையில் வைத்திருந்த குடும்பங்கள் சலூனிலேயே நின்றுவிட்டன. இன்று நட்சத்திர ஓட்டலில் தொக்கணத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம். வாங்குகிற பெயர் 'ஸ்பா'.

சலூன் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முடிவெட்டி முடித்ததும் கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, தலையில் அடிபட்டவர் அதற்கு எக்காரணம் கொண்டும் உட்காரக் கூடாது. கழுத்தின் வழியே மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நேர்வுகள் மருத்துவப் பதிவில் உள்ளன. அடிபட்ட முதல் ஓரிரு நாள் தடவலும் வேண்டாம். தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாமல் தூங்கினால், ஒரு கண்மணி மட்டும் விரிந்திருந்தால், கைகால் மரத்தால் ஆஸ்பத்திரிதான், பாட்டி அல்ல. அதெல்லாம் இல்லையென்றால் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்ல நடமாட்டம். மருத்துவர் பார்த்தபின், கழுத்து எலும்பில் பழுதில்லை என்று தெரிந்தபின், மெதுவான கை. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கச் சொல்வதை இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை.

களத்தில் இருக்கும் தோழர்களுக்குச் சட்டம் பற்றி ஒன்று. வன்கொடுமை வழக்குகளில் அரசு மருத்துவர் 'எளிய காயம்' என்று எழுதிவிட்டால் வழக்கே இளைத்துவிடுகிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் நிவாரண அட்டவணையிலும் ஊனத்தை விழுக்காட்டில்தான் அளக்கிறார்கள். ஊமைக்காயத்துக்கு ஏது விழுக்காடு? ஆனால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு எட்டு வகை சொல்லியிருந்தார்கள். எலும்பு முறிவு, பல் உடைவு எல்லாம் நமக்குத் தெரிந்தவை. எட்டாவது வகையில் உயிருக்கு ஆபத்தான காயத்தோடு இன்னொன்றும் இருந்தது: 20 நாள் கடும் உடல் வலியில் இருந்தாலோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அது கொடுங்காயம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் அது 15 நாளாகக் குறைந்திருக்கிறது. அதில் ஸ்கேன் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வலியும், செய்ய முடியாமல் போன வேலையும்தான் அளவுகோல். மில்லர் எதைச் சந்தேகித்தாரோ அதையே சட்டம் கேட்கிறது.

ஆகவே தலையில் அடிபட்ட யாரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும்போது, இரத்தம் வராவிட்டாலும், விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். ஏ.ஆர். நகல் கேட்டு வாங்குங்கள். "தலையில் லத்தியடி, கிறுகிறுப்பு, கழுத்து வலி" என்று சொன்னது சொன்னபடி அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாறாம் நாள் திரும்பப் போய் வெளிநோயாளர் சீட்டில் எழுத வையுங்கள். எந்தெந்த நாள் வேலைக்குப் போகவில்லை என்று ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். நூறுநாள் வேலை அட்டையில் வருகை இல்லாததும் சாட்சிதான்.

ஆய்வு மாணவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. கொடியன்குளத்துக்கும் நெல்லைக்கும் போய், அடிபட்டு உயிரோடு இருக்கிறவர்களைத் தேடிப் பிடியுங்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று நாம் நிறைய கேட்டுவிட்டோம். அடிபட்ட நாளிலிருந்து எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, எத்தனை நாள் தூக்கம் வரவில்லை, கழுத்தை யார் பிடித்துவிட்டார்கள், அந்தக் கைக்குச் சொந்தக்காரர் எந்தத் தெருவில் இருந்தார், அவருக்கு எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.